கால வழு, கால் வழு

முப்பத்தெட்டுக் கட்டங்களுக்கு டிக் அடிக்க எனக்குப் பதினொரு விநாடி போதும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருமுறை கான்டீன் மேஜையில் கடிகாரம் வைத்து நிரூபித்தும் காட்டியிருக்கிறேன். முழங்கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் ஆட்டி, மேலிருந்து கீழாக ஒரே இறக்கமாக இறங்க வேண்டும். முடித்ததும் தள்ளி வைத்துப் பார்த்தால், ஏரிக்கரையில் கொக்கு வரிசையாகப் பறப்பது போல இருக்கும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி என்பது கைதட்டியவர்களுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரூட் கார்டு, அதாவது ஒவ்வொரு பாகத்தோடும் கூடவே போகும் அந்தக் கட்டம் போட்ட ஆய்வு அட்டை, இப்போதெல்லாம் காகிதத்தில் இல்லையாம், கையடக்கத் திரையில் வந்துவிட்டதாம். ஒரு வேலையைச் செய்து, அதைப் படம் பிடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டமே திறக்குமாம். "புதுசா சேர்ந்தவங்க உங்க கதையக் கேக்கறாங்க சார். எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அது எனக்கே முழுதாகத் தெரிய வந்தது நான் வேலையை விட்ட அன்று.

இருபத்து மூன்று வருடம் பஸ், லாரி பாகங்களை அளந்துகொண்டிருந்துவிட்டு, 2008-இல் ஒரகடம் பக்கம் வந்து சேர்ந்தேன். விமானத்தின் கால்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி. பெரிய விமானங்கள் அல்ல. பைலட் பயிற்சிப் பள்ளிகள் வைத்திருக்கும் சின்ன விமானங்கள். அவற்றிலும் கால் மடக்கத் தெரிந்தவை மட்டும். அதுவரை எனக்கும் விமானத்துக்கும் இருந்த உறவு, ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. மூன்று மாதப் பயிற்சியில், லாரிக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். லாரி வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன்.

சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் மரப்பெட்டியில் மூன்று கால்கள் வந்தன. பயிற்சி விமானம் ஒன்று வயிற்றால் தரையிறங்கிவிட்டது, கால்களைச் சோதித்துத் தரவும் என்று கூடவே ஒரு கடிதம். இரண்டு நாள் கழற்றினேன், அளந்தேன், விளக்கடியில் வைத்து விரிசல் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் நாள் ரெஜினா மேடத்திடம் போனேன்.

ரெஜினா மேடம் எங்கள் தர ஆய்வுப் பிரிவின் தலைவர். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். ஒரு விமான கம்பெனியின் ஹேங்கரில் பத்து வருடம் இரவும் பகலுமாக நின்றுவிட்டு வந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பதில் பிடிக்காவிட்டால் பேனாவை மூடியால் மூடுவார். டக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். திட்டு வாங்கிப் பழகிய எனக்கு அந்தச் சும்மா தாங்காது. எதையாவது உளறிவிடுவேன்.

"பிரச்சினை எங்கன்னே தெரியல மேடம். கால் மூணும் புதுசு மாதிரி இருக்கு" என்றேன்.

"புதுசு மாதிரிதான் இருக்கும் சார். அது வெளியவே வரலையே."

"ஜாம் ஆயிடுச்சா?"

"இல்ல. வெளிய வான்னு யாரும் சொல்லல."

பைலட் செக்லிஸ்ட்டை எடுத்து, சத்தமாக, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். கியர், அதாவது கால், என்று படித்துவிட்டு, 'டன்' என்று பதிலும் சொல்லியிருக்கிறார். அந்த நொடியில் கை ரேடியோவின் மேல் இருந்திருக்கிறது. வாய் வேலையை முடித்துவிட்டது. கை போகவே இல்லை.

"டன்னு ஒரு பதில் இருக்கறவரைக்கும் இது நடக்கும் சார்" என்றார் மேடம். "எந்தக் கேள்விக்கும் அது பொருந்தும் பாருங்க, அதான் வம்பு. கியர்னு கேட்டா 'டவுன், த்ரீ கிரீன்'னு சொல்லணும். மூணு காலும் பூட்டிக்கிச்சுன்னா மூணு பச்சை விளக்கு எரியும். விளக்கப் பாக்காம அத சொல்ல முடியாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாக்காமலும் சொல்லலாமே மேடம்" என்றேன்.

"சொல்லலாம். ஆனா அப்ப அது மறதி இல்ல, பொய். பொய் சொல்ல கொஞ்சமாவது யோசிக்கணும். அந்தக் கொஞ்ச நேரம் போதும் எனக்கு."

அடுத்த வாரமே எங்கள் ஆலையிலும் அந்த முறை வந்தது. என்னைப் போன்ற ஆய்வாளர் கார்டைப் படிக்க வேண்டும். ஆபரேட்டர் கண்ணால் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். "எண்ணெய் அளவு?" "கோட்டுக்கு ஒரு விரல் மேல." இப்படி. டெஸ்பாட்ச் தனசேகர் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பூசாரி குறி கேக்குற மாதிரி கேட்டுகினு கீறீங்க" என்றார். அவர் வல்லம் வடகால்காரர். நான் உட்காரும் மேஜை அவருடைய பழைய கழனியின் மேல் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை நினைவுபடுத்துவார். அதனால் எங்களைக் கிண்டல் செய்யத் தனக்குப் பாத்தியதை உண்டு என்பது அவர் எண்ணம்.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு பதில்கள் சுருங்கின. கோட்டுக்கு ஒரு விரல் மேல என்றது, மேல என்றாயிற்று. அதுவும் போய், எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலாக 'ஆச்சு' வந்து உட்கார்ந்தது. மேடம் காதில் விழுந்தால் டக். விழாதபோது ஆச்சு. என் பதினொரு விநாடித் திறமை வளர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

இனி அந்தப் பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு. நீட்டிய கால் மறுபடி மடங்காமல் பூட்டிப் பிடிப்பது அதுதான். துருப் பிடிக்காமலிருக்க அதற்கு காட்மியம் பூச்சு உண்டு. பூச்சுத் தொட்டியில் கிடக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். தொட்டியிலிருந்து எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சுட்டால் வெளியேறிவிடும். நேரம் தவறினால் உள்ளே அதன் வேலை தொடங்கிவிடும். அப்புறம் எத்தனை நாள் சுட்டாலும் நம்பிக்கையில்லை. வெளியே பார்க்கப் பளபளவென்றிருக்கும், அளவெடுத்தால் சரியாக இருக்கும். பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், முன்கூட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் முறிந்துவிடும்.

அதனால் ஓவனுக்குக் கெடுபிடி அதிகம். எத்தனை மணிக்குச் சூடு ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு வட்டத்தாளில் பேனா தானாகக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பேட்ச் முடிந்தால், அந்தத் தாளைப் பார்த்து ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆபரேட்டர் ஓவன் கதவைத் தொடலாம்.

பூச்சுப் பிரிவின் ஆபரேட்டர் முத்துப்பாண்டி. கோவில்பட்டிப் பக்கம். பென்னலூரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். அந்த வருடம் அவனை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டாருக்கு அதைத்தான் வாக்காகக் கொடுத்திருந்தான். வேலையில் படு கவனம். என் கொக்குகளுக்குக் கைதட்டாத ஒரே ஆள் அவன்தான் என்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது.

அன்று நடந்ததை, நான் பல வருடம் சொல்லி வந்தபடியே சொல்கிறேன். முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். கம்பெனி பஸ் இரண்டு பத்துக்கு. அதை விட்டால் ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்று காய வேண்டும். ஒன்று ஐம்பதுக்குக் கார்டோடு பூச்சுப் பிரிவு வாசலில் நின்றேன். ஆறு பூட்டுப் பின்கள். தொட்டியிலிருந்து எடுத்தது பத்து ஐந்துக்கு. இரண்டு ஐந்துக்குள் ஓவனில் இருக்க வேண்டும். வாசலில் தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஷூவை மாற்ற வேண்டும், கோட்டு மாட்ட வேண்டும். பஸ் இருக்கும்போது இதெல்லாம் யாரால் முடியும்? இந்தப் பக்கமே நின்று, "முத்துப்பாண்டி, பின் ஆறும் ஓவன்ல வெச்சாச்சா?" என்று கத்தினேன். உள்ளே புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "ஆச்சுண்ணே!"

வைத்த நேரம் என்ற கட்டத்தில் 1.40 என்று எழுதினேன். என் மனதுக்கு நியாயமாகப் பட்ட நேரம் அது. பிறகு கொக்குகளைப் பறக்கவிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து, வெளித் தணிக்கைக்காகப் பழைய வட்டத்தாள்களைக் கார்டுகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அந்தத் தாளில் பேனாக் கோடு ஒன்று நாற்பதுக்கு ஏறவில்லை. நான்கு மணிக்கு மேல்தான் ஏறியிருந்தது. சுட்ட நேரம் சரியாக இருந்ததால் யாரோ கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வட்டமான தாள்தானே, எப்படித் திருப்பினாலும் நான்கு மணி நான்கு மணிதான்.

தாளைக் கோத்தேன். உருவினேன். மறுபடி கோத்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். தண்ணீர் குடித்தேன், திரும்பவும் கழிவறைக்குப் போனேன். அந்தக் கட்டுக்குள் நூற்றுச் சொச்சம் தாள்கள். தணிக்கைக்காரர் உருவிப் பார்ப்பது நாலோ ஐந்தோ. இந்தக் கணக்கை நான் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் முறை எழுந்தபோது கால் கழிவறைப் பக்கம் திரும்பாமல் மேடத்தின் அறைப் பக்கம் திரும்பியது. அதில் என் வீரம் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

மேடம் தாளைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். பேனா மூடியைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

"பின் ஆறும் இப்ப எங்க சார்?"

தனசேகர் பதிவேட்டைப் புரட்டினார். "நாலு ஸ்டோர்ல கீது மேடம். ரெண்டு பூட்டி அனுப்சாச்சி. ஃப்ளையிங் கிளப்புக்கு. பன்னெண்டு நாளாவுது."

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் கிளப்பின் இன்ஜினியர். விமானத்தை நிறுத்தி வைக்கும்படி மேடம் சொல்லி முடிப்பதற்குள், "மேடம், அது மேல இருக்கு" என்றார். "ஒரு ஸ்டூடன்ட் சோலோ போயிருக்கு. பத்தொன்பது வயசுப் பொண்ணு. இன்னும் அரை மணில திரும்பும்."

சோலோ என்றால் தனியாக. பக்கத்தில் பயிற்சியாளர் இல்லை.

காலை நீட்டாமல் இறங்க முடியாது. நீட்டினால் பாரம் முழுக்க அந்தப் பின்னில். அவளிடம் சொன்னால் பயப்படுவாள், சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. பயிற்சியாளர் ரேடியோ அறைக்கு ஓடினார். போனையும் அங்கே கொண்டுபோய் மேஜையில் வைத்தார்கள் போலிருக்கிறது, எங்களுக்கும் கேட்டது. ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் குரல், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். நான் மேடத்தின் அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். "சார், உக்காருங்க" என்றார் மேடம். உட்கார்ந்தேன். எப்போது மறுபடி எழுந்தேன் என்று தெரியவில்லை.

பயிற்சியாளர், இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு நான் படிக்கிறேன், நீ பதில் சொல் என்று சாதாரணமாகச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்தார். எரிபொருள். அவள் எந்தத் தொட்டி என்று சொன்னாள். எரிபொருள்-காற்றுக் கலவை. அதன் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று சொன்னாள். ஒரு பதிலில்கூட 'டன்' இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரல்.

"கியர்?"

இரைச்சல். நான் நின்றுவிட்டேன்.

"டவுன். த்ரீ கிரீன்."

அவள் மூன்று விளக்கையும் பார்த்துத்தான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை. கால் பூட்டிக்கொண்டது என்பதை விளக்கு சொல்லும். பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை விளக்கு எப்படிச் சொல்லும்? அதைச் சொல்ல வேண்டியது என் கார்டு. அந்தப் பெண் கண்ணால் பார்த்துச் சொன்ன பதில், நான் பார்க்காமல் அடித்த டிக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது.

தரை தொட்ட சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. "டவுன், டவுன், ரோலிங்" என்று இன்ஜினியர் கத்தியது கேட்டது. மேடம் அன்று முதல்முறையாகப் பேனாவை மூடினார். மூடி ஒரு தடவையில் பொருந்தவில்லை.

பின்கள் இரண்டும் மறுநாள் வந்தன. விரிசலில் தங்கி ஒளிரும் திரவத்தை ஊற்றி, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். ஒன்று சுத்தம். மற்றொன்றின் கழுத்தில் பச்சையாக, தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு கோடு, பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. இன்னும் எத்தனை இறக்கம் தாங்கியிருக்கும் என்று மேடத்தைக் கேட்டேன். "தெரியாது சார். அதான் இதுல பிரச்சினையே" என்றார்.

விசாரணை வந்தது. நான் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதினேன். இளமையில் கொஞ்சம் இலக்கணம் படித்தவன். அதுவரை எதற்கும் பயன்படாத அந்தப் படிப்பு முழுவதையும் அதில் இறக்கினேன். தமிழனின் 'ஆச்சு' இறந்தகாலம் அல்ல. டீக்கடையில் "ஆச்சு சார்" என்றால் பால் இன்னும் அடுப்பில் ஏறவில்லை என்று பொருள். "இதோ வந்துட்டேன்" என்பவர் வீட்டில் லுங்கியோடு இருக்கிறார். இனி நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்கிறோம். இலக்கணக்காரர்கள் இதற்குக் கால வழுவமைதி என்று பெயர் வைத்து மன்னித்தும் விட்டார்கள். ஆகவே முத்துப்பாண்டி 'ஆச்சு' என்றது 'இதோ வைக்கப் போகிறேன்' என்ற பொருளில். நான் அதை 'வைத்துவிட்டேன்' என்று எடுத்துக்கொண்டேன். தவறு அவனுடையது அல்ல, மொழியினுடையது. இப்படிப் பெருந்தன்மையாக முடித்திருந்தேன்.

ஆய்வாளர் முத்திரையை என்னிடமிருந்து மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முத்துப்பாண்டியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கல்யாணமும் தள்ளிப்போனது. நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டி, "உனக்காக எழுதியிருக்கேன்ப்பா" என்பேன். "சரிண்ணே" என்பான்.

ஆலையில் 'ஆச்சு' தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு பிரிவு வாசலிலும் பலகை மாட்டினார்கள். கான்டீனில் தனசேகரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "தட்டு காலி, கை ஈரம், ஏப்பம் ஒண்ணு" என்றார். புதிதாகச் சேர்பவர்களுக்கு அரை மணி நேர வகுப்பு எடுக்கும் பொறுப்பு, வேறு யாருக்கு, எனக்குத்தான் வந்தது. "கால வழுவை இலக்கணம் மன்னிக்கும், கால் வழுவை ஓடுபாதை மன்னிக்காது" என்று முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள். நானும் முதல்முறை கேட்பவன் போலச் சிரிப்பேன். என் டிக்குகள் மட்டும் மெதுவாகிவிட்டன. ஒரு கார்டுக்கு நாற்பது நிமிடம். ஷூவை மாற்றி, கோட்டு மாட்டி, உள்ளே போய், கதவைத் தொட்டுப் பார்த்து வருவேன். வீட்டிலும் பூட்டைத் தொட்டுவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற வியாதி அப்போது பிடித்தது. இன்னும் விடவில்லை.

2015-இல் ஓய்வு பெற்றேன். கான்டீனில் வழியனுப்பு விழா. மேடம் சுருக்கமாகப் பேசினார். நான் சுருக்கமாகப் பேசவில்லை. டீக்கடை, லுங்கி, கால வழு, கால் வழு எல்லாவற்றையும் கடைசி முறையாகச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

மாலையும் கையுமாக பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது முத்துப்பாண்டியும் கூட வந்தான். இப்போது பூச்சுப் பிரிவுக்கே சூப்பர்வைசர், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. என் பையை அவன்தான் தூக்கி வந்தான்.

"நல்லா பேசுனீகண்ணே" என்றான். பிறகு, ஏதோ மறந்துபோன சின்ன விஷயம் போல, "ஆனா அன்னைக்கு நான் 'ஆச்சு'ன்னு சொல்லலண்ணே" என்றான்.

"பின்ன?"

"'ஆச்சாண்ணே'ன்னு கேட்டேன். காலைல கரண்ட் போனதுல முந்தின பேட்ச் ஒண்ணரைக்குத்தான் முடிஞ்சுது. நீங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான நான் ஓவனத் தொறக்க முடியும்? பின் ஆறையும் தட்டுல வச்சிக்கிட்டு கதவுகிட்டயே நிக்கேன். 'கையெழுத்து ஆச்சாண்ணே'ன்னு கேக்கேன். திரும்பிப் பாத்தா உங்களக் காணும். அடுத்த ஷிஃப்ட் ஆய்வாளர் வந்து போட்டாரு, நாலு மணிக்கு. நேரம் தாண்டிருச்சேன்னேன், கார்டுதான் முடிஞ்சிருச்சே, உள்ள வையின்னுட்டாரு."

எனக்கு மாலை கழுத்தில் அரித்தது. "இத அப்பவே ஏன்ப்பா சொல்லல?"

"என்னைய யாரு கேட்டா? நீங்கதான் ரெண்டு பக்கம் எழுதிட்டீகளே, இங்கிலீசுல." பையை பஸ்ஸுக்குள் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "ஏறுங்கண்ணே. ரெண்டு பத்து ஆயிருச்சு."